ஆச்சியோட ரூபாயும் ஒரு குட்டி யானையும்

ஆச்சி சுருக்குப்பையில மூணு வெள்ளி ரூபாய் இருந்துச்சு. ஆச்சி போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆயிடுச்சு. அக்கா மகளுக்குக் கொலுசு செய்ய அதை உருக்கிடலாம்னு அம்மா ஆசாரிகிட்ட சொல்லியும் வச்சாச்சு. நான்தான் குறுக்கே புகுந்தேன். "பழைய காசும்மா, லட்சக்கணக்குல போகும், ஒரு வாரம் பொறு." எல்லாம் வாட்ஸப்புல வர்றதை நம்புன கோளாறுதான்.

முதல்ல எடை. வெள்ளைக்காரன் ரூபாய் ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். தேய்மானத்துல கொஞ்சம் குறையலாம். ரொம்பக் குறைஞ்சா சந்தேகப்படணும். நம்ம மூணும் தப்பிச்சுது.

1945-ஆம் வருஷக் காசு முதல்ல அவுட். 1940-லயே ரூபாயில வெள்ளியைப் பாதியாக் குறைச்சுட்டாங்க. அதுக்கு முன்னாடி நூத்துக்குக் கிட்டத்தட்ட 92 பங்கு வெள்ளி. "இது கொலுசுக்குக்கூட ஆகாது"ன்னுட்டார் ஆசாரி.

அடுத்தது 1918. நூறு வருஷத்துக்கும் மேலயான காசு! குதிச்சேன். ஆனா அந்தக் கதையே வேற. முதல் உலகப்போர் சமயத்துல, நோட்டை நம்பாம ஜனங்க வெள்ளி ரூபாய் கேட்டு வரிசைகட்ட, சர்க்கார்கிட்ட வெள்ளி தீர்ந்து போற நிலைமை. அமெரிக்கா 1918-ல பிட்மன் சட்டம்னு ஒண்ணு போட்டு, 25 கோடிக்கும் மேல வெள்ளி டாலரை உருக்கி இந்தியாவுக்காகப் பிரிட்டனுக்கு வித்துச்சு. அதனால அந்த வருஷத்து ரூபாய் கோடிக்கணக்குல கிடக்கு. வயசை மட்டும் பார்த்து யாரும் காசு தர மாட்டாங்க.

மூணாவதுலதான் நெஞ்சு படபடன்னு அடிச்சுது. 1911. ஐந்தாம் ஜார்ஜ் ராஜா மார்புச் சங்கிலியில ஒரு குட்டி யானை இருக்கும். அந்த வருஷம் அச்சு செதுக்கினவர் தும்பிக்கையைக் குட்டையா விட்டுட்டார். பார்த்தா அசல் பன்னி! முஸ்லிம்கள் மனசு புண்பட்டு எதிர்ப்பு கிளம்ப, வெளியே விடாத காசை எல்லாம் உருக்கி, 1912-ல தும்பிக்கையை நீட்டிப் புது அச்சு போட்டாங்க. 'பன்னி ரூபாய்'னே அதுக்குப் பேரு. சேகரிக்கிறவங்க தேடி வாங்குறது.

சென்னையில காசு சேகரிக்கிற ஒரு பெரியவர்கிட்ட கொண்டு போனேன். லென்ஸை வச்சவர் ராஜாவைக்கூடப் பார்க்கலை.

"யாரு தம்பி இதைத் தேச்சது?"

நான் ஊர்லேர்ந்து கிளம்புற அன்னைக்கு, பெரிய மனுஷன்கிட்ட காட்டப் போறானேன்னு அம்மா புளி போட்டு ஊறவச்சு, விபூதியால பளபளன்னு தேச்சுக் குடுத்திருந்தாங்க. வெள்ளி மேல வருஷக்கணக்கா படியுற அந்தக் கறுப்புதான் காசுக்கு மதிப்பாம். தேச்சா கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும், லென்ஸுல தெரிஞ்சுடும். அதோட விளிம்புல, கிரீடத்துக்கு மேல, பத்தவச்ச தழும்பு ஒண்ணு. எப்பவோ வளையம் வச்சுப் பிறகு எடுத்திருக்காங்க.

"வெள்ளி விலைக்கு மேல ஐந்நூறு தர்றேன். இந்த ரெண்டும் இல்லாட்டி பல மடங்கு கேட்டு வாங்கியிருக்கலாம்."

குடுக்காம வந்துட்டேன்.

ஊர்ல அம்மாகிட்ட வளையம் பத்திக் கேட்டேன். "அது ஒங்க அப்பாவுக்குப் பொறந்தப்ப ஆச்சி கறுப்புக் கயித்துல கோத்துக் கழுத்துல போட்டதுல்லா. அந்தக் காலத்துல புள்ளை தங்காதுன்னு பயம்." அப்பா எழுபத்திரெண்டு வயசு வரைக்கும் இருந்தார்.

1918 கொலுசுக்குப் போயிடுச்சு. 1945 அக்கா வீட்டு உண்டியல்ல கிடக்கு. பன்னி என்கிட்ட. தேச்ச விஷயத்தை அம்மாகிட்ட சொல்லலை. "ஏல, கறுத்துட்டு வருதே, இன்னொரு தடவை தேச்சுத் தரட்டா?"ன்னு போன வாரம் கேட்டாங்க. பீரோவைப் பூட்டிட்டு, சாவியைக் கையோட எடுத்துட்டு வந்துட்டேன்.