ரிப்போர்ட்டுக்கும் ஒரு பாடு

இறால் சீசன் முடிஞ்சு ஊருக்குப் போயிருந்தப்ப சித்தப்பா கேட்டார்: "ஏண்டா, கம்ப்யூட்டர் சுத்திக்கிட்டே இருக்குன்றானே, அப்படின்னா என்னா?"

எங்க ஊர் சுண்ணாம்புக்குளம், பழவேற்காடு ஏரிக்கரை. இறால் எடுக்கிற கம்பெனியில முழு எடைக் கணக்கு வந்தாத்தான் பாக்கிப் பணம். பத்து நாளா கணக்கு வரலை. கொடுமை என்னன்னா, இன்டர்ன்ஷிப்ல நான் ஆணி புடுங்கிட்டு இருந்ததே அந்த சாஃப்ட்வேர்லதான். அவர்கிட்ட வாயைத் திறக்கலை :-)

திங்கட்கிழமை போய் லாக் ஃபைலைப் பார்த்தேன். மூணு வருஷ எடைச் சீட்டு, ஆறு லட்சம் வரி. மைஎஸ்க்யூஎல்லோட ஜேடிபிசி டிரைவர், நாம எதுவும் சொல்லலைன்னா அத்தனை வரியையும் மொத்தமா மெமரிக்குள்ள கொட்டிடும். அதுக்கு மேல எங்க கோடு அப்பாச்சி பிஓஐல எக்ஸெல் ஷீட்டையும் முழுசா மெமரியிலேயே கட்டிட்டு இருந்தது. நடுவுல இருக்கிற என்ஜின்எக்ஸ் 60 விநாடி பார்த்துட்டு, ஒண்ணும் வரலைன்னு 504 காட்டிடும். ஆனா பின்னாடி டாம்கேட்ல வேலை ஓடிக்கிட்டேதான் இருக்கும். கணக்குப்பிள்ளை பாவம், மறுபடி பட்டனை அமுக்குவார். அதே ரிப்போர்ட் ரெண்டாவதா, மூணாவதா கிளம்பும். கடைசியில அவுட் ஆஃப் மெமரி.

டைம்அவுட்டைக் கூட்டுன்னு சீனியர் சொன்னார். அது வலை கிழிஞ்சிருக்கிறப்ப படகைப் பெருசாக்குற மாதிரி.

முதல்ல டிரைவரை ஸ்ட்ரீமிங்குக்கு மாத்தினேன். வரிகள் ஒண்ணொண்ணா வரும். எக்ஸெல்லுக்கு எஸ்எக்ஸ்எஸ்எஸ்எஃப்: கடைசி 100 வரி மட்டும் மெமரியில, மிச்சம் தற்காலிக ஃபைல்ல. இங்கதான் ஒரு நாள் முழுக்க மண்டை காய்ஞ்சது. எத்தனை சதவீதம் முடிஞ்சதுன்னு டேபிள்ல எழுதப் போனா எர்ரர். ஸ்ட்ரீமிங்ல படிச்சு முடிக்கிற வரைக்கும் அதே கனெக்‌ஷன்ல வேற எந்த க்வெரியும் போகக் கூடாதாம்! அதுக்குத் தனியா இன்னொரு கனெக்‌ஷன் எடுத்தேன். வேலை முடிஞ்சதும் டிஸ்போஸ் கூப்பிட மறந்து, டிஸ்க்கை தற்காலிக ஃபைலால நிரப்பின கதை வேற இருக்கு.

ஆனா பட்டனை அமுக்கிட்டே இருக்கிற பிரச்சினை அப்படியேதான் இருந்தது. அப்பதான் எங்க ஏரியோட பாடு ஞாபகம் வந்தது. பாடு நிலத்துல நினைச்சவன் நினைச்சப்ப வலை கட்ட முடியாது. சீட்டுப் போட்டு முறை பிரிச்சு, அவனவன் முறையிலதான் கட்டணும். அதையே வெச்சேன். பட்டனை அமுக்கினா உடனே ஒரு டோக்கன் நம்பர் வரும், பக்கம் விடுபட்டுடும். ஒரே ஒரு பின்னணி த்ரெட் வரிசையா எடுத்துச் செய்யும். அதே ரிப்போர்ட்டை மறுபடி கேட்டா பழைய டோக்கனையே காட்டும். ஃபைல் தயாரானதும் இறக்கிக்கலாம். ஒரே வித்தியாசம், இங்க சீட்டுக் குலுக்கல் கிடையாது, வந்த வரிசைதான்.

முதல் ஓட்டம் 11 நிமிஷம். வேகமாகவெல்லாம் ஆகலை, ஆனா விழலை.

அடுத்த வாரம் சித்தப்பா கையில கணக்குத் தாள். திண்ணையில உட்கார்ந்து, பிளாஸ்டிக் கவர்ல சேர்த்து வெச்சிருந்த எடைச் சீட்டை ஒண்ணொண்ணா எடுத்து என்னைப் படிக்கச் சொன்னார். ரெண்டு சீட்டு தாள்ல இல்லை.

"இதுவும் சுத்திக்கிட்டு இருக்காடா?"

இல்லை சித்தப்பா, அது பதியவே இல்லை. நாளைக்கு ரெண்டு பேரும் சீட்டோட கம்பெனிக்குப் போறோம்.