எரியாததை நனை

திருச்சுழிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் அவரைக் கரிக்காரர் என்று கேட்டால்தான் வீட்டைக் காட்டுவார்கள். சீமைக் கருவேல மரத்தை வெட்டி, மூட்டம் போட்டு, கரியாக்கி விற்பது முப்பது வருடத் தொழில். ஒரே மகன். ஊருணித் தண்ணீரும் லாரித் தண்ணீரும் குடித்து வளர்ந்த பையன். கண்மாய் நிறைந்து மறுகால் போனதை அவன் சின்ன வயதில் இரண்டே முறைதான் பார்த்திருக்கிறான். அப்படிப்பட்டவன் கடலோரக் காவல் படையில் நாவிக்காகச் சேர்ந்தபோது ஊரில் கொஞ்சம் சிரித்தார்கள். “கரிக்காரர் மகன் கப்பலுக்குப் போறானாம்!”

2021 மே மாதக் கடைசி. முழு ஊரடங்கு. கரி ஏற்ற லாரி வரவில்லை, மூட்டை மூட்டையாகக் கட்டி வைத்தது கொட்டகையில் கிடந்தது. ஒரு நாள் மத்தியானம் அவருடைய மனைவி ஃபோனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்.

“ஏங்க, இங்க பாருங்க. கொழும்புக்கிட்ட கப்பல் எரியுதாம். நம்ம ஊர்க் கப்பலும் போயிருக்காம்.”

மகன் அப்போது தூத்துக்குடியில் இருந்தான். முந்தின நாள் பேசும்போது, “கிளம்புறோம்மா, ரெண்டு மூணு நாளைக்கு லைன் கிடைக்காது” என்று மட்டும் சொல்லியிருந்தான். எங்கே என்று சொல்லவில்லை. இப்போது தெரிந்துவிட்டது.

எரிந்த கப்பலின் பெயர் எக்ஸ்பிரஸ் பேர்ல். சிங்கப்பூர்க் கொடி ஏற்றிய சரக்குக் கப்பல். வேலைக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. கிட்டத்தட்ட 1,486 கன்டெய்னர்கள். அதில் 25 டன் நைட்ரிக் அமிலம், காஸ்டிக் சோடா, அழகுசாதனப் பொருள்கள், பிளாஸ்டிக் சாமான் செய்கிற குருணை. மே 20-ம் தேதி கொழும்புத் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கும்போது புகை கிளம்பியது. அணைத்துவிடலாம் என்று நம்பிக்கொண்டிருந்த நேரத்தில், 25-ம் தேதி உள்ளே வெடித்தது. கப்பலில் இருந்த 25 பேரையும் இறக்கினார்கள். கன்டெய்னர்கள் சரிந்து கடலில் விழுந்தன. இலங்கை கேட்க, இந்தியக் கடலோரக் காவல் படை வைபவ், வஜ்ரா என்ற இரண்டு கப்பல்களை அனுப்பியது. மாசு தடுப்புக் கப்பலான சமுத்ரா பிரஹரி பின்னால் போய்ச் சேர்ந்தது. வஜ்ராவும் புதுசுதான். படையில் சேர்ந்து இரண்டு மாதம்.

மகன் இருந்தது முதலில் போன இரண்டில் ஒன்றில்.

வீடியோவில் மனைவி நெருப்பைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டார். கரிக்காரர் புகையை மட்டும் கொஞ்ச நேரம் பார்த்தார். “தீ உள்ள இருக்கு. இது லேசுல அடங்காது” என்று சொல்லிவிட்டுக் கொட்டகைப் பக்கம் போய்விட்டார். சமாதானமாக இரண்டு வார்த்தை சொல்லாத மனுஷன் என்று மனைவிக்குக் கோபம்.

மூட்டம் பார்க்காதவர்களுக்குச் சொல்ல வேண்டும். விறகை வட்டமாக அடுக்கி, மேலே வைக்கோலும் தழையும் போட்டு, ஈர மண்ணால் மூடிவிடுவார்கள். உள்ளே தீ வைத்தபின் நாள் கணக்கில் காவல். வெள்ளைப் புகை வந்தால் ஈரம் போகிறது. நீலம் கலந்தால் கரி பிடித்துவிட்டது, ஓட்டையை அடைக்கலாம். எங்காவது மண் வெடித்துக் காற்று புகுந்தால் அவ்வளவுதான். காலையில் கரிக்குப் பதில் சாம்பல்தான் மிஞ்சும். அதனால் ராத்திரியில் இரண்டு தடவை எழுந்து சுற்றி வர வேண்டும். ஆறிவிட்டது என்று மூட்டை கட்டிய கரி, லாரியில் போகும்போது காற்றுப் பட்டுத் திரும்பப் பற்றிய கதைகள் அந்தப் பக்கத்தில் நிறைய உண்டு.

மனைவிக்கும் நெருப்பு புதிதல்ல. கல்யாணத்துக்கு முன் பட்டாசு ஆலையில் வேலை பார்த்தவர். எல்லா நெருப்பும் தண்ணீருக்கு அடங்காது, சில மருந்து தண்ணீர் பட்டால்தான் சூடேறும் என்பது விருதுநகர் மாவட்டத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதனால்தான் அவர் பயந்தார். “அந்தப் பெட்டிக்குள்ள என்ன மருந்து இருக்கோ?” என்று அன்றைக்கு முழுவதும் அதையே கேட்டுக்கொண்டிருந்தார். ஊர்க் கோயில் சாத்தியிருந்தது. வாசலில் நின்று கும்பிட்டுவிட்டு வந்தார். ராத்திரி ஃபோனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தார். நாலாவது நாள்தான் அது அடித்தது. “நல்லா இருக்கேம்மா. கண்ணுதான் எரியுது” என்றான். அதற்குள் கட்டாகிவிட்டது.

ஆவணியில் லீவு கிடைத்து வந்தான். திண்ணையில் உட்கார்ந்து அப்பாவிடம் விவரமாகச் சொன்னது அப்போதுதான்.

தென்மேற்குப் பருவக்காற்று கிளம்பியிருந்த நேரம். காற்று தீயை ஒரு பக்கமிருந்து இன்னொரு பக்கத்துக்குத் தள்ளியது. கிட்டப் போனால் சூடு முகத்தில் அறையும், தள்ளி நின்றால் தண்ணீர் எட்டாது. நுரை கலந்தும் அடித்தார்கள்.

“ஆனா தீ மேல அடிச்சதவிட, அதுக்குப் பக்கத்துல அடிச்சதுதாம்ப்பா அதிகம். பவுண்டரி கூலிங்னு சொல்லுவாங்க. எரியுற பெட்டிய ஒண்ணும் பண்ண முடியாது. அது இரும்புப் பெட்டி, தீ உள்ள இருக்கு. பக்கத்துப் பெட்டி, கப்பலோட தகடு, இதையெல்லாம் நனைச்சு நனைச்சு, சூடு அங்கிட்டுப் போகாமப் பாக்கணும்.”

கரிக்காரர் சிரித்துவிட்டார். “ஏலே, அந்த வருசம் நாம பண்ணதுதானடா இது.”

மகனுக்கு நினைவு வந்தது. அவன் ஆறாவது படிக்கும்போது, பிரித்துப் போட்ட மூட்டத்துக் கரி சாயங்காலக் காற்றில் திரும்பப் பற்றியது. வீட்டில் இருந்ததோ நாலு குடம் தண்ணீர், மறுநாள் குடிப்பதற்கு வைத்தது. அம்மா குடத்தைத் தூக்கிக்கொண்டு கரியை நோக்கி ஓட, அப்பா வழிமறித்து, “எரியுறத விடு, எரியாதத நனை!” என்று கத்தினார். நாலு குடமும் கொட்டகைக் கூரைக்கும் விறகு அடுக்குக்கும் போனது. கரி முழுவதும் போனது. கூரை தப்பியது. அந்தக் கரிக்கு முன்பணம் கொடுத்திருந்த வியாபாரி ஒரு ரூபாய்கூடக் குறைத்துக்கொள்ளவில்லை. இரண்டு வருடம் கட்டினார்கள்.

“இங்க தண்ணி பத்தாம அப்படிச் செஞ்சோம். உங்களுக்கு என்னடா, சுத்தியும் தண்ணி.”

“அதுதாம்ப்பா பிரச்சினையே. அடிக்கிற தண்ணி எங்க போகும்? கப்பலுக்குள்ளதான் நிக்கும். கப்பல் ஒரு பக்கம் சாயும். எரிஞ்சு போயிருமோன்னு ஒரு பயம், நாம அடிக்கிற தண்ணியிலயே முங்கிருமோன்னு இன்னொரு பயம்.”

கரிக்காரர் இதைக் கேட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. தண்ணீர் அதிகமானால் ஆபத்து என்பது அந்த ஊரில் யாரும் யோசித்துப் பார்க்காத விஷயம்.

அதற்கு முந்தின வருடம், 2020 செப்டம்பரில், நியூ டயமண்ட் என்ற எண்ணெய்க் கப்பல் இலங்கையின் கிழக்குக் கடலில் எரிந்ததை மகன் சொன்னான். குவைத்திலிருந்து பாராதீப்புக்குச் சுமார் 2,70,000 டன் கச்சா எண்ணெயோடு வந்த கப்பல். எஞ்சின் அறைப் பக்கம் வெடித்து பிலிப்பைன்ஸ் மாலுமி ஒருவர் இறந்துபோனார். கடலோரக் காவல் படையின் சௌர்யா, சாரங் முதலான கப்பல்களும், இலங்கைக் கடற்படையும் சேர்ந்து தீயை அடக்கினார்கள். அடங்கிய தீ திரும்பவும் பற்றியது. மறுபடியும் அடக்கினார்கள். எண்ணெய்த் தொட்டிகளுக்குத் தீ போகவே இல்லை. அது சரக்கோடு தப்பியது.

“உங்க கப்பல்?” என்று அப்பா கேட்டார்.

“முங்கிருச்சுப்பா.”

ஜூன் 1-ம் தேதி வாக்கில் தீ அடங்கியது. கரையிலிருந்து தள்ளி ஆழக்கடலுக்கு இழுத்துப் போகலாம் என்று 2-ம் தேதி கயிறு கட்டி இழுத்தார்கள். கொஞ்ச தூரம்தான் போனது. பின்பக்கம் இறங்கி, 21 மீட்டர் ஆழத்தில் தரை தட்டி நின்றுவிட்டது. அதே மாதத்தில் முன்பக்கமும் போயிற்று.

“ஆளுக எல்லாம் பொழைச்சுட்டாகல்ல? பெறகென்ன?” என்று அம்மா உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். தாயாக அவர் சொன்னது சரிதான். மகனால் அப்படி நினைக்க முடியவில்லை. குருணை கடலெல்லாம் மிதந்தது, பிறகு நீர்கொழும்புக் கரையில் முழங்கால் அளவுக்குக் குவிந்து கிடந்த படங்களைப் பார்த்தான். ஆமைகள் செத்து ஒதுங்கின. மீன்பிடிக்கத் தடை. அக்கரை மீனவர்கள் வலையைச் சுருட்டி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அத்தனைக்கும் காரணம் ஒரே ஒரு பெட்டி ஒழுகியது. கத்தார் நாட்டின் ஹமத், குஜராத்தின் ஹசீரா இரண்டு துறைமுகங்களிலும் அந்த அமிலப் பெட்டியை இறக்கக் கேட்டும் இறக்க முடியாமல், ஒழுக ஒழுகவே கொழும்புக்கு வந்திருக்கிறது. இதைச் சொன்னபோதுதான் கரிக்காரருக்குக் கோபம் வந்தது. “மூட்டத்துல ஓட்டை விழுந்தது தெரிஞ்சும் போய்ப் படுத்துத் தூங்குன கணக்கால்ல இருக்கு!” பிறகு கேட்டார்: “அந்த மீன்காரச் சனத்துக்கு யாரு காசு கொடுப்பா?”

மகனிடம் பதில் இல்லை. 2025 ஜூலையில்தான் இலங்கை உச்ச நீதிமன்றம் கப்பல் தரப்பு 100 கோடி டாலர் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. தீர்ப்பு வந்த செய்தியை மகன் அப்பாவுக்கு அனுப்பினான். அவர் படித்துவிட்டு, “கைக்கு வரட்டும்” என்றார். இரண்டு வருடம் கடன் கட்டியவர் அப்படித்தான் பேசுவார்.

அதற்கு ஒரு மாதம் முன்னால் கேரளக் கடலில் இன்னொரு கப்பல். வான் ஹாய் 503. ஜூன் 9-ம் தேதி தீப்பிடித்தது. கொழும்பிலிருந்து மும்பைப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. 22 பேரில் 18 பேரைக் காப்பாற்றினார்கள், நாலு பேரைக் காணவில்லை. மறுபடியும் கடலோரக் காவல் படைக் கப்பல்கள், மறுபடியும் பக்கத்துத் தகட்டுக்குத் தண்ணீர். மகன் அந்தத் தடவை வேறு கடற்கரையில் இருந்தான். இருந்தும் அம்மா ஃபோனைத் தலைமாட்டிலேயே வைத்துக்கொண்டார்.

கரிக்காரர் இப்போது கரி விலை பேச அருப்புக்கோட்டைக்குப் போனால், பைபாஸ் டீக்கடையில் கொஞ்ச நேரம் கூடுதலாக உட்காருகிறார். மதுரையிலிருந்து தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் வரிசையாகப் போகும். டீ குடிக்க நிறுத்திய டிரைவர் ஒருவரிடம் போய், “தம்பி, உள்ள என்ன சரக்கு?” என்று கேட்டிருக்கிறார்.

“தெரியாதுங்கய்யா. சீல் வச்சுத்தான் கொடுப்பாக.”

டிரைவர் கிளம்பும்வரை அவர் அந்தப் பெட்டியைச் சுற்றி வந்து, அடிப்பக்கம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.