ஒரே பாய், ஒரே பந்தி

திருநெல்வேலியிலிருந்து மேற்கு நோக்கிச் செல்லும் சாலையில், பத்தமடையைக் கடந்ததும் நம்மை வரவேற்பது சேரன்மகாதேவி. தாமிரபரணியின் கரையிலே, கன்னடியன் கால்வாய் பாயும் நெல்வயல்களின் நடுவே அமைந்த பழம்பெரும் ஊர். நவகைலாயத் தலங்களுள் ஒன்றான அம்மைநாதர் கோயில் இவ்வூரில்தான் உள்ளது. சென்னைக்கும் மும்பைக்கும் வளைகுடா நாடுகளுக்கும் பிழைக்கச் சென்ற இப்பகுதி மக்கள், கோடை விடுமுறையில் தத்தம் பூர்வீக வீடுகளில் வந்து கூடுவர்.

ஆனால் கூடியவர்கள் கலப்பதில்லை. ஒரே ஆச்சியின் பேரப்பிள்ளைகளாயினும் ஒருவர் பெயர் மற்றவருக்குத் தெரியாது. இளைஞர் கைப்பேசியில் ஆழ்ந்திருப்பர். பெரியவர்கள் ஆளுக்கொரு மூலையில் அமர்ந்திருப்பர். இந்தக் கூச்சத்தைக் களைவது எவ்வாறு? இவ்வூரின் வரலாறும் மண்ணும் அதற்கு நல்ல பாடம் புகட்டுகின்றன.

வ.வே.சு. ஐயர் 1920-களின் தொடக்கத்தில் சேரன்மகாதேவியில் ஒரு குருகுலம் நடத்தினார். நாட்டுப்பற்றும் கல்வியும் ஒருங்கே ஊட்டும் உயர்ந்த நோக்கம் அவருடையது. காங்கிரசும் நிதி உதவியது. ஆயினும் பிராமண மாணவர் சிலருக்கு உணவு தனியே பரிமாறப்பட்டது. செய்தி வெளிவந்ததும் வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் கண்டனக்குரல் எழுப்பினர். ஐயர் பொறுப்பிலிருந்து விலகினார். 1925 ஜூன் மாதம், பாபநாசத்து அருவியில் விழுந்த தம் மகளைக் காக்க முயன்று, இதே ஆற்றில் அவர் உயிர்நீத்தார். ஒன்றாகப் படித்து, ஒன்றாக விளையாடிய பிள்ளைகளை ஒரு பந்தி பிரித்துவிட்டது.

பிறர் குறையை மட்டும் நாம் பேசலாகாது. இதே மாவட்டத்து வடக்கன்குளத்தில், திருக்குடும்பத்தின் பெயரைத் தாங்கிய நம் ஆலயத்திலேயே சாதிக்கொரு பக்கமாக மக்களைப் பிரித்துச் சுவர் நின்றது. 1910-ஆம் ஆண்டில்தான் அது இடிக்கப்பட்டது. கல்லாலான சுவர் விழுந்தது. உள்ளத்துச் சுவர் விழுந்ததா என்பதை ஒவ்வொரு குடும்பமும் தன்னையே கேட்டுக்கொள்ளட்டும்.

இனி, அருகிலுள்ள பத்தமடையைப் பாருங்கள். ஆற்றோரம் வளரும் கோரையை உலர்த்தி, மெல்லியதாய்க் கீறி, நீரில் ஊறவைத்து, பாவு நூலின் குறுக்கே ஒவ்வொன்றாய்ச் செலுத்திப் பட்டுப்போன்ற பாய் நெய்கின்றனர். நெய்வோரில் பெரும்பாலோர் இசுலாமியப் பெண்மணிகள். மணமக்களின் பெயரையும் மணநாளையும் பாயிலேயே நெய்து தருவதும் உண்டு. தனிக் கோரை காற்றில் பறக்கும். இழையோடு சேர்ந்தால் பத்துப்பேரைத் தாங்கும். குடும்பமும் அப்படியே.

ஆகவே, உறவினர் கூடும் நாளில் பின்வருவனவற்றைச் செய்து பாருங்கள். முதலில் 'முறை கேட்டல்'. சிறுவர் ஒவ்வொருவரும் பெரியவர்களிடம் சென்று, "நான் உங்களை என்ன முறை சொல்லி அழைக்க வேண்டும்?" என்று கேட்கட்டும். அத்தையா, சித்தியா, பெரியப்பாவா என்பதோடு, எந்த வழியில் அந்த உறவு வந்தது என்பதையும் அறிந்து வந்து சபையில் சொல்லட்டும். அடுத்து, தாத்தா பாட்டியரின் திருமுழுக்குப் பெயரைத் தாங்கியவர்கள் எழுந்து நிற்க, அப்பெயருக்கு உரியவரைப்பற்றி மூத்தோர் ஒரு நிகழ்ச்சி கூறட்டும். மறைந்தவர்களும் அன்று நம் நடுவே வந்து அமர்வர்.

பின்னர்ப் பல்லாங்குழியையும் தாயத்தையும் எடுங்கள். ஒரு முதியவரும் ஒரு சிறுவரும் ஓர் அணி. இந்த ஆட்டங்களில் பாட்டி ஆசிரியை, பேரன் மாணவன். அதனால் பேச்சு தானே பிறக்கும். உண்ணும் வேளையில், பெயர்ச்சீட்டுகளைக் குலுக்கி எடுத்து, சீட்டு வந்த வரிசைப்படி அமருங்கள். வசதியுள்ளோர் ஒருபுறம், இல்லாதோர் ஒருபுறம் என்ற பிரிவு அங்கே இராது. சமைத்த பெண்கள் கடைசிப் பந்தியில் ஆறிய சோறு உண்ணும் வழக்கத்தையும் அன்றாவது மாற்றி, அவர்களை முதற்பந்தியில் அமர்த்தி ஆண்கள் பரிமாறட்டும்.

எனினும் விளையாட்டால் மட்டும் விலகாத தடை ஒன்றுண்டு. தொடக்கநூலில் யோசேப்பு தம் சகோதரரை வயதுவரிசைப்படி அமர்த்தி விருந்தளித்தார். ஆனால் தாம் தனியே உண்டார். அவர்கள் வியந்தார்களே தவிர, உள்ளம் திறக்கவில்லை. பின்னர் அவர் தம்மை வெளிப்படுத்தி, மன்னித்து, கட்டித்தழுவி அழுதபின்னரே சகோதரர் அவரோடு உரையாடினர் என்று மறைநூல் காட்டுகிறது.

நம் குடும்பங்களிலும் அழைக்கப்படாதவர் உண்டு. வேறு சாதியில் மணம் முடித்த மகள், வரப்புத் தகராறில் பிரிந்த தம்பி, வறுமையால் வர நாணும் சித்தப்பா. அவர்கள் பெயர் எழுதாத சீட்டுகளைக் குலுக்கி என்ன பயன்? இவ்வாண்டு அழைப்பிதழை அவர்கள் வீட்டுக்கே முதலில் எடுத்துச் செல்வோம். தபாலில் அன்று, நேரில். குடும்பத்தின் மூத்தவரே சென்று அழைக்கட்டும். அவர்களும் வந்து அமரும் பந்தியில் திருக்குடும்பத்தின் ஆசி தங்கும்.