பின்வரிசை ரசிகர்கள்

நிஷி-கசாய், டோக்கியோ



மதுரையிலிருந்து வந்திருக்கும் சித்தப்பாவை இந்த வாரம் டோக்கியோ ரயில் நிலையத்துக்கு அழைத்துப் போனேன். அங்கே தரைக்குக் கீழே, கார்ட்டூன் பாத்திரங்களுக்கென்றே ஒரு கடைத்தெரு இருக்கிறது. ‘பிரிக்யூர்’ கடையில் கோட்டும் டையுமாக ஒருவர் நின்றபடி, இளஞ்சிவப்புச் சாவிக்கொத்து ஒன்றை ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். “ஏம்மா, இவருக்கு நாப்பது வயசாவது இருக்குமே, சின்னப் புள்ளைங்க கடையில என்ன வேலை?” என்று சித்தப்பா உரக்கச் சிரித்தார். தமிழ் புரியாவிட்டாலும் சிரிப்பு யாருக்கும் புரியும். அந்த மனிதர் சாவிக்கொத்தைத் திரும்ப மாட்டிவிட்டுப் போய்விட்டார். எனக்கு மனசே ஆறவில்லை. அன்றிரவு சித்தப்பாவிடம் சொன்னதை உங்களுக்கும் எழுதுகிறேன்.

பிரிக்யூர், தொயெய் நிறுவனம் தயாரிக்கும் சிறுமிகளுக்கான தொடர். 2004 பிப்ரவரியில் தொடங்கியது. இன்றும் ஞாயிறு காலை எட்டரைக்கு வருகிறது. பள்ளிக்கூடப் பெண்கள் உருமாறி தீய சக்திகளோடு மோதுவார்கள். பெண் பிள்ளைகளுக்கும் துள்ளிக் குதித்துச் சண்டை போட ஆசை இருக்காதா என்று நினைத்தார் தயாரிப்பாளர் தக்காஷி வாஷியோ. முதல் தொடரை இயக்க வந்தவரோ ‘டிராகன் பால் இசட்’ இயக்கிய தைசுக்கே நிஷியோ. மந்திரக்கோலை மட்டும் நம்பாமல் இந்தப் பெண்கள் குத்தும் உதையும் விட்டது அதனால்தான். பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரு புதிய அணி. ஜனவரியில் பழையவர்கள் விடைபெறுவார்கள், பிப்ரவரியில் புதியவர்கள் வருவார்கள். ஆறு வயதுப் பிள்ளை அந்தப் பிரிவை இரண்டே வாரத்தில் மறந்துவிடும். பெரியவர்களுக்குத்தான் நெஞ்சு கனக்கும்.

ஆம், பெரியவர்கள். இந்தத் தொடரை முதல் ஆண்டிலிருந்து விடாமல் பார்க்கும் ஆண்களும் பெண்களும் இங்கே ஏராளம். ‘பெரிய நண்பர்கள்’ என்று அவர்களுக்குப் பெயர். அவர்களை எனக்குப் புரியவைத்தது திரையரங்கில் கண்ட ஒரு விதி.

2007இல் வந்த ‘பிரிக்யூர் 5’ அணியின் படத்திலிருந்து, பிள்ளைகளுக்கு வாசலிலேயே ஒரு குட்டி விளக்கு கொடுக்கும் வழக்கம் வந்தது. அதன் பெயர் ‘மிராக்கிள் லைட்’. விளக்கு கொடுத்த படங்களில், தொடங்குமுன் திரையிலேயே பாடம் நடக்கும்: கண்ணருகே வைத்துப் பார்க்காதே, சுழற்றாதே, பக்கத்தில் இருப்பவர் மேல் படாமல் ஆட்டு. உச்சக்கட்டத்தில் நாயகிகள் அடிபட்டு விழுவார்கள். அப்போது திரையிலிருக்கும் குட்டிப் பிராணி அரங்கைப் பார்த்து உதவி கேட்கும். இருட்டில் ஒவ்வொரு விளக்காக எரியும், மழலைக் குரல்கள் ‘கம்பாரே’ (விடாதே, போராடு) என்று கத்தும், நாயகிகள் எழுந்து நிற்பார்கள். அரங்கில் பிள்ளைகள் இல்லையென்றால் கதையே முடியாது என்பதுபோல் அந்தக் காட்சியை அமைத்திருக்கிறார்கள்.

விளக்கைப் பிள்ளைகளுக்கு மட்டும்தான் கொடுத்தார்கள். முழு டிக்கெட் எடுத்தவரானாலும், இருபது வருட ரசிகரானாலும் பெரியவர்களுக்குக் கிடைக்கவில்லை. என் மகளோடு போனபோது எங்களுக்குப் பின்வரிசையில் தனியாக வந்த ஆண்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். ஒருவரும் விளக்கு கேட்கவில்லை, முணுமுணுக்கவில்லை. விளக்குகள் எரிந்த நேரத்தில் அவர்களில் ஒருவர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிள்ளைகளுக்கு இடைஞ்சல் ஆகக்கூடாது என்று இரவுக் காட்சிக்குப் போகிறவர்களும் உண்டு. கடைவளாகங்களில் பிரிக்யூர் மேடை நிகழ்ச்சி நடக்கும்போதும் பாயில் பிள்ளைகள் உட்கார, இவர்கள் பின்னால் நிற்கிறார்கள்.

இந்த ஒதுங்கலுக்குப் பின்னால் ஒரு வலியும் இருக்கிறது. 1988, 89இல் டோக்கியோவிலும் சைத்தாமாவிலும் நான்கு சிறுமிகளைக் கொன்றவன் பிடிபட்டான். அவன் அறையில் அடுக்கிக் கிடந்த, கார்ட்டூன்களும் அடங்கிய வீடியோ நாடாக்களை ஊடகங்கள் ஊரெங்கும் காட்டின. கார்ட்டூன் பார்க்கும் ஆண் என்றாலே சந்தேகப்படும் பழக்கம் அதன்பின் வேரூன்றியது. ஒருவன் செய்த கொடுமைக்காக, அப்போது பிறந்தே இராத ரசிகர்கூட இன்று தலையைக் குனிந்து உட்கார வேண்டியிருக்கிறது. அது நியாயமில்லை. ஆனாலும் அவர்கள் சண்டைக்குப் போகவில்லை. பிள்ளைகளுக்கு முதலிடம் விட்டுக்கொடுத்தே தங்களுக்கு ஓர் இடம் தேடிக்கொண்டார்கள்.

நம் ஊர் முதல் நாள் முதல் காட்சி எனக்கும் உயிர்தான். அந்த விசிலும் மேளமும் இல்லாத திரையரங்கில் உட்காரும்போதெல்லாம் ஊர் ஞாபகம் வந்து வதைக்கும். ஆனால் நாற்பது வயதுக்காரர் கட்-அவுட்டில் ஏறிப் பால் ஊற்றினால் ‘தீவிர ரசிகர்’ என்கிறோம். யாருக்கும் தொந்தரவில்லாமல் ஒரு சாவிக்கொத்து வாங்கினால் சிரிக்கிறோம். இதில் என்ன நியாயம்?

இங்கே பிள்ளைகள் முதன்முதலாக அந்த விளக்கை ஆட்டிய அதே 2007இல்தான் நம் ஊரில் பிள்ளைகளுக்கான சுட்டி டிவி வந்தது. அதில் வரும் கார்ட்டூன் சிறுமி டோரா கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருப்பாள். என் தம்பி தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் நின்று தொண்டை கிழியப் பதில் சொல்வான். இன்று சென்னையில் கணினி வேலை பார்க்கிறான். டோராவின் குரங்கு புஜ்ஜியின் பேச்சையும் ஜாக்கி சான் தொடரின் தமிழ் வசனங்களையும் நண்பர்களோடு இன்னும் பேசிச் சிரிக்கிறான். அந்தக் குரல்களைக் கேட்டு வளர்ந்தவர்கள் ஒருவரையொருவர் ஒரு வாக்கியத்திலேயே அடையாளம் கண்டுகொள்கிறார்கள். இதுவும் சொந்தம்தான்.

ஜப்பான் அந்தச் சொந்தத்தை மதிக்கிறது. 2023இல் ‘பிரிக்யூர் 5’ பெண்களைப் பெரியவர்களாக்கி, பொது ஒளிபரப்பு நிறுவனமான என்எச்கேயின் கல்வி அலைவரிசையில் தனித் தொடரே ஒளிபரப்பினார்கள். நாயகி நொசோமி அதில் பள்ளி ஆசிரியை. முதல் விளக்கை ஆட்டிய பிள்ளைகளும் அதற்குள் வேலைக்குப் போகும் வயதுக்கு வந்துவிட்டார்கள். அவர்கள் படும் பாட்டைத்தான் அவளும் திரையில் பட்டாள். அதே ஆண்டு ஞாயிறு தொடரில் ‘கியூர் விங்’ என்ற பையன் முதன்முதலாக முழுநேர பிரிக்யூர் ஆனான். சிறு வயதில் பிரிக்யூர் உடைக்கு ஆசைப்பட்டு, வெளியே சொல்ல வெட்கப்பட்ட ஆண் பிள்ளைகள் எத்தனை பேரோ! அவர்களுக்கும் ஒரு நாற்காலி கிடைத்தது.

விழுந்தால் எழு, தோழியைக் கைவிடாதே என்று ஞாயிறுதோறும் சொல்கிற கதை, ஆறு வயதைவிட நாற்பது வயதில்தான் அதிகம் தேவைப்படுகிறது. வீட்டில் யாராவது வளர்ந்த பிறகும் கார்ட்டூன் பார்த்தால் வயதைச் சொல்லிக் கிண்டல் செய்யாதீர்கள். அந்தப் பாத்திரத்தை ஏன் பிடிக்கிறது என்று கேளுங்கள். சுட்டி டிவி தலைமுறையும் ஒரு நாள் அரங்கம் பிடித்துக் கூடட்டும். முன்வரிசையை மட்டும் பிள்ளைகளுக்கு விட்டுவிடட்டும்.

அன்புடன்,
உங்கள் நிஷி-கசாய்த் தோழி