வலப்பக்கம் எதிர் மரை

அம்பத்தூரும் ஆவடியும் சேர்ந்தால் ஒரு முழு சைக்கிள் தேறிவிடும் என்றிருந்த காலம் உண்டு. முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் சேர்ந்து 1949-ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூரில். குழாய்க்கு ஆவடியில் டியூப் புராடக்ட்ஸ். செயினுக்கு டி.ஐ. டைமண்ட், டைனமோவுக்கு டி.ஐ. மில்லர், சீட்டுக்கு ரைட். எல்லாம் ஒரே வீட்டுச் சரக்கு. அப்பா ஹெர்குலிஸ் வாங்கியபோது எந்தக் கிராங்க், எந்த ஹப் என்று அவரை யாரும் கேட்கவில்லை. கேட்டதெல்லாம் மேல்சாமான்தான். டைனமோ வேண்டுமா, பெல் எது, சைடு ஸ்டாண்டா பெரிய ஸ்டாண்டா, சீட்டுக்குக் குஞ்சம் வைத்த உறையா வைக்காததா. அந்தத் தேர்வுக்கே அப்பா ஒரு மத்தியானத்தைச் செலவழித்தார் என்பது அம்மாவின் நிரந்தரப் புகார்.

இன்றைக்கு ஒரு மவுன்டன் பைக்கைப் பாகம் பாகமாகச் சேர்க்கப் புறப்பட்டவனுக்கு நிலைமை தலைகீழ். மேல்சாமான் என்று ஒன்றும் கிடையாது. உள்ளே இருக்கிற ஒவ்வொன்றுக்கும் அரை டஜன் தினுசு. அதுவும் ஒன்றோடு ஒன்று சேராத தினுசு. சில மாதங்களாக என் சாயங்காலங்கள் இதில்தான் கழிகின்றன. ஒன்று மட்டும் தெளிவாகியிருக்கிறது. தொந்தரவு இல்லாத பாகம் என்று எதுவும் இல்லை. தாம்பரத்தில் உட்கார்ந்துகொண்டு எந்தத் தொந்தரவைச் சமாளிக்கலாம், எதைச் சமாளிக்க முடியாது என்பதுதான் கேள்வி.

அப்பாவின் வண்டிக்கு விதிக்கப்பட்ட தூரம் வீட்டிலிருந்து ஸ்டேஷன் வரை. 1931-லிருந்து பீச்சுக்கு மின்சார ரயில் ஓடுகிற ஊர். பகல் முழுக்க ஸ்டாண்டில் மற்ற சைக்கிள்களோடு ஹேண்டில்பார் பின்னிக்கொண்டு கிடக்கும். சாயங்காலம் தன்னுடையதை மட்டும் உருவியெடுக்கத் தனிச் சாமர்த்தியம் வேண்டும். லீவு நாட்களில் அதை நான் தள்ளிக்கொண்டு போய் குரங்குப் பெடல் போட்டுப் பழகினேன். பாருக்கு மேல் கால் எட்டவே எட்டாது.

அந்த உயரம் சின்னப் பையன் கண்ணுக்குத் தெரிந்த மிகை இல்லை என்பது டயர் தேடும்போதுதான் புரிந்தது. மவுன்டன் பைக்கில் 26, 27.5, 29 என்று மூன்று இஞ்ச் அளவுகள். இஞ்சை நம்பி டயர் வாங்கக் கூடாது. டயரின் ஓரத்தில் மில்லிமீட்டரில் ஓர் எண் இருக்கும். ரிம்மில் டயர் உட்காரும் விட்டம் அது. மூன்றுக்கும் முறையே 559, 584, 622. எந்தப் பள்ளத்தையும் தாண்டும் என்று விளம்பரம் செய்யப்படுகிற 29-க்கு 622. நம்முடைய நாட்டு சைக்கிளின் 28-க்கு 635! தடித்த டயரை மாட்டினால் வெளிச்சுற்றில் 29 முந்திக்கொள்ளும் என்பது வேறு விஷயம். ஆனால் வெறும் ரிம்மைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அரிசி மூட்டையையும் என்னையும் சுமந்த சக்கரம்தான் பெரிது. நான் 27.5 எடுத்தேன். என் உயரத்துக்கு அது போதும்.

தொண்ணூறுகளில் தெருவுக்கு ஒரு ஹெர்குலிஸ் எம்.டி.பி. முளைத்தது. நேரான ஹேண்டில்பார், குமிழ் குமிழாகத் தடித்த டயர், கண்ணைப் பறிக்கிற நிறம். நான் கேட்டபோது அப்பா சொன்னார்: “மலையே இல்லாத ஊர்ல மலை சைக்கிள் எதுக்குடா?” மலை இல்லாமலில்லை. சானடோரியத்தில் பச்சைமலை, அந்தப் பக்கம் திரிசூலம், இந்தப் பக்கம் வண்டலூர்க் குன்றுகள். பம்மல், திரிசூலம் பக்கம் கல்குவாரி தின்றது போக மிச்சம் இருப்பவை. அப்பா அவற்றை மலைக் கணக்கில் சேர்க்கவில்லை.

மவுன்டன் பைக் பிறந்த இடத்திலும் முதலில் மவுன்டன் பைக் கிடையாது. கலிபோர்னியாவின் மாரின் பகுதியில், டமால்பையஸ் மலையடிவாரத்தில், எழுபதுகளில் சில இளைஞர்கள் முப்பதுகளைச் சேர்ந்த ஷ்வின் சைக்கிள்களைப் பழைய சாமான் விலைக்கு வாங்கி மண்பாதையில் இறக்கினார்கள். 1976-ல் தொடங்கிய அவர்களுடைய பந்தயத்துக்கு ரீபேக் என்று பெயர். ஒரே இறக்கத்தில் பின்சக்கர பிரேக் கொதித்து, ஹப்பிலிருந்த கிரீஸ் புகையாகப் போய்விடும். ஒவ்வொரு தடவையும் புதிதாக அடைக்க வேண்டும். தொந்தரவு தாங்காமல் இரட்டையர் ஓட்டும் சைக்கிளின் டிரம் பிரேக்கையும், மோட்டார் சைக்கிளின் பிரேக் பிடியையும், டூரிங் வண்டியின் கியரையும் கொண்டுவந்து பொருத்தினார்கள். இதற்கென்றே புதிதாக ஃபிரேம் செய்து அவர்களில் ஒருவரான ஜோ பிரீஸ் ஓட்டியது 1977-ல்தான். பாகம் பொறுக்குவது இந்த வண்டிக்குப் பிறவிக் குணம்.

பொறுக்குவது என்றதும் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை. பழைய ரிம், பெடல், ஒற்றை பிரேக் பிடி, யாருடைய வண்டியிலிருந்தோ கழன்ற சீட்டு என்று தார்பாய் மேல் குவித்திருப்பார்கள். என் வண்டியின் ஹேண்டில்பார் தண்டு அங்கே கிடைத்ததுதான். கையில் எடுத்து, எடை பார்த்து, வெடிப்பு இருக்கிறதா என்று விரலால் தடவி, வேண்டாம் என்று வைத்து, மறுபடியும் எடுத்தேன். 1863 மே 30 அன்று நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் இதே பல்லாவரத்தில்தான் பழைய கற்காலக் கோடரி ஒன்றைக் கண்டெடுத்தார். கைக்கு அடங்குகிற கருவியைத் தேடி இந்த மண்ணில் கல்லைப் புரட்டியவர்கள் வரிசை ரொம்பப் பழையது.

விரல் நுனியில் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொன்று பி.பி. பெடல் அச்சு ஓடுகிற அந்தக் கூடு. எங்கள் தெருமுனைக் கடையில் பாய் அதைத் திறப்பதைப் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்திருக்கிறேன். முதலில் காட்டர் பின்னின் நட்டைத் தளர்த்துவார். பின்னின் மரை முனையில் மரக்கட்டை வைத்து ஒரே தட்டு. இரண்டாவது தட்டு விழுந்தால் பின் மடங்கிவிடும். கிராங்க் கையோடு வந்துவிடும். இடப்பக்கக் கப்பை வழக்கமான திசையில் திருப்புவார். வலப்பக்கம் வந்ததும் ஸ்பேனரை மாற்றிப் பிடிப்பார். “ரைட்டு சைடு ரிவர்ஸ் தம்பி. முரட்டுத்தனமா திருப்புனா மரை போயிடும்.” கருத்துப்போன கிரீஸுக்குள்ளிருந்து குண்டுகள் ஒவ்வொன்றாக மண்ணெண்ணெய்த் தட்டில் விழும். பாய் அவற்றை வெளிச்சத்தில் உருட்டிப் பார்த்து, புள்ளி விழுந்ததைத் தூக்கிப் போடுவார்.

ஃபிரேம் தேர்ந்தெடுக்கும்போது நான் முதலில் பார்த்தது அந்த மரை இருக்கிறதா என்றுதான். 1.37 இஞ்ச் விட்டம், இஞ்சுக்கு 24 மரை, வலப்பக்கம் எதிர்த் திசை. உலகம் முழுக்க இதற்கு பி.எஸ்.ஏ. அளவு என்றே பெயர். பர்மிங்ஹாமில் துப்பாக்கி செய்துவந்த கம்பெனி சைக்கிளுக்கு வந்து நிறுவிப்போன அளவு. அதே பி.எஸ்.ஏ. பெயரைத் தாங்கிய வண்டிகள் அம்பத்தூரிலிருந்து வந்து நம் தெருக்களை நிரப்பின. விலை உயர்ந்த ஃபிரேம்கள் நடுவில் மரையை விட்டுவிட்டு, பேரிங்கை அப்படியே அழுத்திச் செருகும் பிரஸ்-ஃபிட் முறைக்குப் போயின. எடை குறைவு, கூடு அகலம் என்று காரணம் சொன்னார்கள். கூட்டின் அளவு இம்மி பிசகினாலும், உள்ளே ஈர மண் ஏறினாலும், மிதிக்கிற ஒவ்வொரு மிதிக்கும் கிறீச்சிடும். இப்போது பெரிய கம்பெனிகள் சில மறுபடியும் மரைக்கே திரும்பிவிட்டன.

ஈர மண் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டேன். 2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியபோது, தண்ணீர் வடிந்த பிறகு வாசலில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்தால் சீட்டுக் குழாய் வழியே சேறு வழிந்தது. குழாய்க்குள் இறங்கும் தண்ணீர் கடைசியாகப் போய்த் தங்கும் இடம் பி.பி. கூடுதான். வருஷா வருஷம் நவம்பரில் அவ்வளவு இல்லாவிட்டாலும் முழங்கால் தண்ணீர் எங்காவது உண்டு. அதனால் கூட்டின் அடியில் வடிகால் துளை இருக்கிற ஃபிரேமாகப் பார்த்து எடுத்தேன். ஹப்புக்கும் எண் பொறித்த, மூடிய பேரிங்தான். 6902 என்று எண்ணைச் சொன்னால் பேரிங் கடைக்காரர் சைக்கிளா மோட்டாரா என்றுகூடக் கேட்காமல் எடுத்து வைப்பார். பழைய முறைக் குண்டும் கோனும் ஓட்டத்தில் குறைந்தவை அல்ல. ஆனால் குண்டை வெளிச்சத்தில் உருட்டிப் பார்க்க, பாய் இப்போது கடை வைத்திருக்கவில்லை.

டயருக்கு எதிரி தண்ணீரல்ல, சீமைக் கருவேலம். மாடம்பாக்கம், வேங்கைவாசல் ஏரிக்கரைகளில் வண்டியை இறக்கியவர்களுக்கு அந்த முள் தெரியும். தடித்த டயரையும் தைத்துக்கொண்டு போய்விடும். டியூப் இல்லாமல் உள்ளே ரப்பர் பால் ஊற்றுகிற முறையில், முள் எடுத்த துளையைப் பால் தானே வந்து அடைக்கும். ஆனால் நம் வெயிலில் பால் சீக்கிரம் காய்ந்து தோலாகிவிடும். சில மாதத்துக்கொருமுறை ஊற்ற வேண்டும். ஊற்றிவிட்டுப் போகிறேன், வழியில் டியூப் மாற்றி உட்கார்ந்திருப்பதைவிட அது தேவலை. வால்வும் மோட்டார் சைக்கிளுக்கு உள்ள அதே தினுசுதான் போட்டிருக்கிறேன். ஜி.எஸ்.டி. சாலையில் எந்த பங்க்கில் நிறுத்தினாலும் காற்று கிடைக்கும். அப்பா காலத்தில் பையில் ஓர் அங்குலம் வால்டியூப் இருந்தால் போதும், உலகத்தைச் சுற்றலாம் என்பார்கள்.

பிரேக்கில்தான் ரொம்ப நாள் ஊசலாடினேன். எண்ணெயில் இயங்கும் டிஸ்க்கில் இரண்டு கட்சி. ஷிமானோ மினரல் ஆயில். ஸ்ராம் நெடுங்காலமாக டாட் எண்ணெய். டாட் எந்த டூவீலர் ஸ்பேர்ஸ் கடையிலும் கிடைக்கும். ஆனால் காற்றிலிருக்கிற ஈரத்தைக் குடிக்கும், சிந்தினால் பெயின்டைத் தின்னும். கடற்காற்று வீசுகிற ஊரில் ஈரத்துக்கா பஞ்சம்? மினரல் ஆயில் ஈரத்தை உறிஞ்சாது. ஆனால் அதைத் தேடிப் போக வேண்டும். ஒரு சீசா வாங்கி அலமாரியில் வைத்தால் வருஷக்கணக்கில் வரும் என்பதால் மினரல் ஜெயித்தது.

கியருக்கு ஏலகிரி கண்முன் நின்றது. 14 கொண்டை ஊசி வளைவுகள். கொல்லிமலையில் 70. முன்னால் 32 பல் ஒற்றைச் சக்கரம், பின்னால் மைக்ரோஷிஃப்ட்டின் எட்டு; 12-ல் தொடங்கி 46 வரை. ஆகச் சின்ன கியரில் ஒரு மிதிக்கு வண்டி சுமார் ஒன்றரை மீட்டர் நகரும். அப்பாவின் 44-க்கு 18 கணக்கில் ஒரு மிதிக்கு ஐந்தரை மீட்டர். அதோடு தாம்பரம் மேம்பாலத்தில் கேரியர் சுமையுடன் ஏறியிருக்கிறார். பன்னிரண்டு கியர் செட்டும் விலை கேட்டுப் பார்த்தேன். எட்டுக் கியர் செயின் எங்கும் கிடைக்கிறது, விலையும் கையைக் கடிக்கவில்லை.

பாதி பூட்டிய வண்டியை அப்பா வந்து சுற்றிப் பார்த்தார். வயசாகிவிட்டது, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்தார். “மட்கார்டு எங்கடா? பெல்லு? ஸ்டாண்டு கூட இல்லையா, இதை எங்க சாத்துறது?” அவர் ஒரு மத்தியானம் செலவழித்துப் பொறுக்கிய சாமான் ஒன்றுகூட இதில் இல்லை. பிறகு கிராங்கைப் பிடித்து ஆட்டம் இருக்கிறதா என்று பார்த்தார். இல்லை என்றதும் ஒன்றும் சொல்லாமல் சீட்டைத் தட்டிவிட்டுப் போனார்.

பாக்கி இருப்பது முன்ஃபோர்க். விலை மலிந்த ஸ்பிரிங் ஃபோர்க் இரண்டரை கிலோவுக்கு மேல் கனக்கும், குதிக்கவும் செய்யும். காற்றடைத்தது இலேசு, ஆனால் 50 மணி நேர ஓட்டத்துக்கொருமுறை கீழ்க்காலைக் கழற்றி எண்ணெய் மாற்றச் சொல்கிறது ராக்‌ஷாக்ஸ். மழைச் சேற்றில் அதைவிடச் சீக்கிரமே செய்ய வேண்டியிருக்கும். அந்த சீல் ரப்பர் தெருமுனையில் கிடைக்காது. ஆகவே இப்போதைக்கு அசையாத ஃபோர்க், தடித்த டயர், காற்று கொஞ்சம் குறைவு. பாதாளச் சாக்கடைக்குத் தோண்டி மூடிய தெருக்களில் ஒரு மழைக்காலம் ஓட்டிப் பார்க்கிறேன். மணிக்கட்டு விடாமல் வலித்தால் தை மாதம் காற்று ஃபோர்க் வாங்கிக்கொள்ளலாம். ஹெட் குழாயின் அளவு அதற்கும் ஒத்துவரும்படிதான் ஃபிரேமை எடுத்திருக்கிறேன்.