கப்பலுக்கு வழிவிடும் பாலம்

அமெரிக்காவில், சுப்பீரியர் ஏரிக்கரையில் டுலூத் என்றொரு துறைமுக ஊர். அங்கே கால்வாய்க்கு அந்தப் பக்கம் ஏழு மைல் நீளத்துக்கு ஒரு மணல்திட்டு. என் பெண் குடியிருப்பது அதில்தான். பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியோ இந்தப் பக்கம். நடுவே ஒரே ஒரு பாலம்!

ஒரு காலத்தில் அந்தத் திட்டு கரையோடு ஒட்டித்தான் இருந்ததாம். 1871-ல் கப்பல் வருவதற்காகக் குறுக்கே வெட்டிவிட்டார்கள். அந்தப் பக்கத்து ஜனங்கள் படகை நம்பித் தவித்தார்கள். 1905-ல் கட்டிய பாலத்திலும் சாலை கிடையாது. உயரத்தில் ஓர் இரும்புச் சட்டம். அதிலிருந்து ஊஞ்சல் போலத் தொங்கிய ஒரு பெரிய பெட்டி, வண்டியையும் ஆட்களையும் அக்கரை சேர்க்கும். மோட்டார் வண்டிகள் பெருகியதும் அது போதவில்லை. 1930-ல் சாலையே அப்படியே மேலே எழும்பும்படி மாற்றிவிட்டார்கள்.

சுமார் ஆயிரம் டன் எடையாம்! எப்படித் தூக்குகிறது? இரட்டைக் குடம் கட்டிய கிணற்று ராட்டினத்தை நினைத்துக் கொள்ளுங்கள். ஒன்று இறங்க, மற்றது லேசாக ஏறும். இங்கே இரு முனையிலும் கான்கிரீட் பாரங்கள் இறங்க, பாலம் 135 அடி எழும்புகிறது.

ஆயிரம் அடிக் கப்பலைச் சட்டென்று நிறுத்த முடியுமா? அதனால் காத்திருக்க வேண்டியது நாம்தான். இப்படி மாட்டிக்கொள்வதற்கு அந்த ஊரில் "பிரிட்ஜ்ட்" என்றே பெயர்.

"வலி எடுக்கிற நேரம் பார்த்துப் பாலம் தூக்கிட்டா என்னடி பண்றது?" என்றேன். அவள் சிரித்தாள். கப்பல் வரும் நேரத்தை முன்கூட்டியே அறிவித்து விடுகிறார்கள். அதைத் தினமும் பார்த்துக் குறித்து வைத்திருந்தாள். பையும் வாசலருகே தயார்.

வலி எடுத்தது அக்டோபரில், ராத்திரி இரண்டு மணிக்கு. "அடுத்த கப்பல் மூணு மணிக்கு. இப்பவே கிளம்பலாம்மா" என்று அவளே சொன்னாள். பாலத்தைத் தாண்டின பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

பேரன் வீட்டுக்கு வந்த அன்றே ஒரு கப்பல் மூன்று நீளம், இரண்டு குட்டையாகச் சங்கு ஊதியது. பாலமும் அதே மாதிரி பதில் ஊதிற்று. குழந்தை துள்ளி விழுந்தான். மூன்றாம் வாரம் எத்தனை ஊதினாலும் அசையாமல் தூங்கினான். நான்தான் ஒவ்வொரு தடவையும் ஜன்னலுக்கு ஓடினேன்.