சோதிக்காமல் விட்ட ஃபிளாஸ்க்

ஏ549 என்ற நுரையீரல் புற்றுநோய் செல்களில் கே-ராஸ் மரபணு பிறழ்ந்திருக்கும். அது உருவாக்கும் புரதத்தின் 12ஆவது இடத்தில் கிளைசினுக்குப் பதில் செரின். பிறழ்ந்த ராஸ் ஓயாமல் தூண்டுவதால் செல் பெருகுவதோடு நிற்பதில்லை. இன்டர்லூகின்-8 போன்ற சைட்டோகைன்களைச் சுரந்து புது ரத்தக் குழாய்களைத் தன் பக்கம் வரவழைக்கும். 2004லேயே வெளிவந்த செய்தி இது. அப்படியென்றால் கே-ராஸை அடக்கினால் இன்டர்லூகின்-8 குறைய வேண்டும். ஆனால் நான் அடக்கிய செல்களில், புரத அளவைக் காட்டும் எலைசா தட்டில் அது எகிறியிருந்தது.

அந்த இடத்தில் எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஆசைதான் வந்தது.

மரபணுவை அடக்கிய செல்களும் ஒப்பீட்டுச் செல்களும் மாதக்கணக்கில் தனித்தனி ஃபிளாஸ்க்குகளில் வளர்ந்தவை. “அக்கா, மைக்கோ பார்த்தீங்களா?” என்று ஜூனியர் பையன் கேட்டான். “பென்-ஸ்ட்ரெப் போட்டுத்தானே வளர்க்கிறோம்” என்று அவன் வாயை அடைத்தேன். அதிலுள்ள பெனிசிலின் தடுப்பது பாக்டீரியாவின் செல்சுவர் உருவாவதை. அவன் கேட்ட மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியாவுக்குச் செல்சுவரே கிடையாது. இது எனக்குத் தெரியாததல்ல, பரீட்சையில் எழுதியிருக்கிறேன். அது புகுந்தால் ஊடகம் கலங்காது, சாதாரண மைக்ராஸ்கோப்பில் கண்ணுக்கும் படாது. ஆனால் அதன் லிப்போபுரதங்கள் செல்லின் டி.எல்.ஆர்-2 ஏற்பியைத் தூண்டும், உடனே என்.எஃப்-கப்பா-பி உட்கருவுக்குள் போய் இன்டர்லூகின்-6, 8 மரபணுக்களை முடுக்கிவிடும். நான் அளந்து மகிழ்ந்தது ஒரு கிருமிக்குச் செல் காட்டிய எதிர்ப்பை.

கடைசியில் மைக்கோபிளாஸ்மாவுக்கான பி.சி.ஆர். செய்தபோது, அடக்கிய செல்களில் மட்டும் பேண்ட் பளிச்சென்று தெரிந்தது. மைக்கோபிளாஸ்மா ஓரேல் என்ற இனம் மனித வாயில் குடியிருப்பது. மூடியைத் திறந்துவைத்துக்கொண்டு அரட்டையடிக்கும் பழக்கம் எனக்கு உண்டு. என் வாயிலிருந்துதான் போனதா என்று பார்க்கவும் எனக்கு மனமில்லை.

ப்ளீச் ஊற்றி எல்லாவற்றையும் அழித்தேன். வழிகாட்டியிடம் “ரிப்பீட் ஆகலை சார்” என்று மட்டும் சொன்னேன். அதில் பொய் இல்லை. அதனால்தான் அந்த வாக்கியத்தைத் தேர்ந்தெடுத்தேன். கேள்வி கேட்ட பையனிடம் அதைக்கூடச் சொல்லவில்லை.

அதற்கு முன்பே அந்த எலைசா முடிவின் வரைபடம் ஒரு கருத்தரங்கில் என் பெயரோடு போஸ்டராகத் தொங்கியது. சிலர் செல்போனில் படமெடுத்துப் போனார்கள். தயவுசெய்து அதை அழித்துவிடுங்கள். கே-ராஸை அடக்கினால் ஏ549 செல்களில் இன்டர்லூகின்-8 ஏறும் என்பதற்கு என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை.